நெக்சஸ் அட்டை: 120 அமெரிக்க டொலருக்கு எதை வாங்குகிறோம்?

கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து நடத்துகின்ற நெக்சஸ் சேவையைப் பற்றி ரொறன்ரோவில் வாழும் தமிழர்கள் கேட்கும் முதற்கேள்வி, அந்த அட்டையை எடுப்பது பயனுள்ளதா என்பதுதான். பயனுள்ளது என்பதே என் பதில். முன்கூட்டியே பின்னணி விசாரணைக்கும் நேர்முகத்துக்கும் உட்பட்டு இரு நாட்டு அதிகாரிகளாலும் ஏற்கப்பட்ட ஒருவர், தரைவழி எல்லைக் கடவைகளிலும் விமான நிலையங்களிலும் தனித்தடத்தில் செல்லலாம் என்பது இச்சேவையின் வாக்குறுதி. அதை அது பெரும்பாலும் காப்பாற்றுகிறது. ஆனால், 2024 ஒக்டோபர் 1 ஆம் திகதி ஐந்தாண்டுக் கட்டணம் 50 அமெரிக்க டொலரிலிருந்து 120 ஆக உயர்ந்த பிறகு, கொடுக்கும் பணத்துக்கு உண்மையில் எது கிடைக்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த அட்டை விற்பது புதிய வசதி எதையும் அல்ல. 2001 செப்டெம்பர் 11 வரைக்கும் ஏறத்தாழ எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்துவந்த ஒரு வசதியின் ஒரு பகுதியைத்தான், தெரிந்தெடுத்த சிலருக்கு அது திருப்பிக் கொடுக்கிறது.

அக்காலத்தில் கனடியக் குடிமகன் ஒருவர் நயாகராவில் பாலத்தைக் கடக்கும்போது, எந்த நாட்டவர் என்று அதிகாரி கேட்பார். கனடியர் என்ற வாய்ச்சொல்லே பல வேளைகளில் போதுமானதாக இருந்தது. கேட்டால் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் பிறப்புச் சான்றிதழையும் காட்டினால் சரி. கடவுச்சீட்டு என்பது கடல் கடந்து செல்பவர்களுக்கு உரியது என்றே பலரும் எண்ணியிருந்தனர். ஏறத்தாழ 8,900 கிலோமீற்றர் நீளமுள்ள அந்த எல்லை முழுவதையும் காக்க 2001இல் அமெரிக்கா நிறுத்தியிருந்த எல்லைக் காவலர்கள் 350 பேருக்கும் குறைவு. பத்தாண்டுகளில் அந்த எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டியது.

தாக்குதல் நடந்தது நியூயோர்க்கிலும் வாஷிங்டனிலும் பென்சில்வேனியாவிலும். அதை நடத்திய 19 பேரில் ஒருவர்கூடக் கனடா வழியாக அமெரிக்காவுக்குள் நுழையவில்லை. ஆயினும் அவர்கள் வடக்கிலிருந்தே வந்தார்கள் என்ற வதந்தி அமெரிக்க அரசியல்வாதிகள் சிலரின் வாயில் பல ஆண்டுகள் நிலைத்திருந்தது. அதற்கு ஒரு முன்கதை உண்டு: 1999 டிசம்பரில் அஹ்மத் ரெஸ்ஸாம் என்பவர் வெடிபொருள்களுடன் பிரிட்டிஷ் கொலம்பியாவின் விக்டோரியாவிலிருந்து படகேறி, அமெரிக்கக் கரையான போர்ட் ஏஞ்சலிஸில் பிடிபட்டார். ஒரு மெய்யும் ஒரு பொய்யும் சேர்ந்து உருவாக்கிய சந்தேகத்துக்குக் கனடா விடை சொல்ல வேண்டியிருந்தது. அந்த விடையின் விலை உடனே தெரிந்தது. விண்ட்சரையும் டிட்ரொயிட்டையும் இணைக்கும் அம்பாசிடர் பாலத்தில் பாரவூர்திகள் பல கிலோமீற்றர் தூரத்துக்குத் தேங்கி நின்றன. உதிரிப் பாகங்கள் அன்றன்றைக்கு வந்து சேர்வதை நம்பி இயங்கிய மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் சில நாள்களிலேயே வேலையை நிறுத்தின. வணிகத்துக்காகப் பெருமளவு அயல்நாட்டையே நம்பியிருக்கும் ஒரு நாட்டுக்கு, அந்தப் பாலம் அடைபடுவது மூச்சு அடைபடுவது போன்றது.

நெக்சஸ் அந்த நெருக்கடியில் பிறந்த குழந்தை என்று சொல்வதிலும் ஒரு திருத்தம் உண்டு. ஒன்ராறியோவின் சார்னியாவுக்கும் மிச்சிகனின் போர்ட் ஹூரனுக்கும் இடையே 2000 ஆம் ஆண்டிலேயே அது ஒரு சோதனைத் திட்டமாகத் தொடங்கப்பட்டிருந்தது. தாக்குதலுக்குப் பிறகு அது இடைநிறுத்தப்பட்டது. 2001 டிசம்பர் 12 ஆம் திகதி கனடிய வெளியுறவு அமைச்சர் ஜோன் மான்லியும் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்பு அலுவலகத் தலைவர் டொம் ரிட்ஜும் ஒட்டாவாவில் கையொப்பமிட்ட எல்லைப் பிரகடனமும் அதனுடன் இணைந்த 30 அம்சத் திட்டமும்தான் அதை மீட்டெடுத்து, 2002 முதல் மற்றக் கடவைகளுக்கும் விரித்தன. தாக்குதலுக்கு முன் அது வெறும் வசதித் திட்டம். பின்னர் அது, யாரைச் சோதிக்க வேண்டும், யாரைச் சோதிக்க வேண்டாம் என்று மக்களைப் பிரித்தறியும் பாதுகாப்புத் திட்டமாயிற்று. பெயரும் அட்டையும் பழையவைதான். அட்டையின் வேலை மாறிவிட்டது.

விண்ணப்பத்திலிருந்து தொடங்குவோம். கனடியக் குடிமகன், கனடாவுக்குத் திரும்பி வரும்போது விரைவாக வருவதற்கும் சேர்த்து விண்ணப்பிக்கிற இடம் அமெரிக்க அரசின் இணையத்தளம். கட்டணம் செலுத்துவதும் அமெரிக்க டொலரில். இருதரப்புச் சேவை என்று எவ்வளவு சொன்னாலும் கடையின் வாசல் எந்தப் பக்கம் திறக்கிறது என்பது முதற்பக்கத்திலேயே புரிந்துவிடும். கடந்த ஐந்து ஆண்டுகளில் குடியிருந்த முகவரிகளையும் பார்த்த வேலைகளையும் ஒரு மாத இடைவெளிகூட விடாமல் எழுத வேண்டும். இதற்கு முன் பயன்படுத்திய பெயர்கள், கைது செய்யப்பட்டிருந்தால் அதன் விவரம், சுங்கத்தில் தண்டம் கட்டியிருந்தால் அதுவும் கேட்கப்படுகின்றன.

நம்மவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் பெயர்ப் பகுதியில்தான். தந்தையின் பெயர் குடும்பப் பெயராக மாறியிருக்கும். இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டலும் நிரந்தர வதிவிட அட்டையில் இன்னொன்றும் இருக்கும். திருமணத்துக்குப் பின் மனைவி கணவனின் பெயரை எடுத்திருப்பார், ஆனால் பழைய கடவுச்சீட்டில் அவருடைய அப்பாவின் பெயர் இருக்கும். இவற்றுள் எதையும் சுருக்கவோ அழகுபடுத்தவோ முயலாமல், இப்போதைய கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரை எழுதிவிட்டு, மற்ற வடிவங்கள் அனைத்தையும் பிற பெயர்கள் என்ற இடத்தில் கொடுத்துவிடுவதே நல்லது. முழு உண்மை சில வேளை விண்ணப்பத்தைத் தாமதப்படுத்தலாம். அரைகுறை உண்மையோ விண்ணப்பத்தையே நிராகரிக்கச் செய்யும். இரு நாடுகளும் சம்மதித்தால்தான் அட்டை கிடைக்கும். ஒரு நாடு மறுத்தால் மற்ற நாட்டின் சம்மதத்தால் பயனில்லை.

இந்தக் கட்டத்தில் சிலருடைய மனத்தில் எழும் தயக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2001 டிசம்பரில் கனடா நிறைவேற்றிய பயங்கரவாத எதிர்ப்புச் சட்டமே, அமைப்புகளைப் பட்டியலிடும் முறையைக் குற்றவியல் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2006 ஏப்ரலில் விடுதலைப் புலிகள் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். நியூயோர்க்கில் விழுந்த கோபுரங்களுக்கும் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நடந்த நிதிசேர்ப்புக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. இருந்தும், ஒன்றுக்காக இயற்றப்பட்ட சட்டம் மற்றதன் மீதும் பாய்ந்தது. பின்னணி விசாரணை என்ற சொல்லைக் கேட்டதும் எந்தக் குற்றமும் செய்யாத ஒரு முதியவர்கூட எதற்குத் தம்பி வீண்வேலை என்று ஒதுங்குவதை இந்தப் பின்புலத்தில்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். அவருக்கு நான் சொல்லக்கூடியது, சாதாரணமான வேலை, வீடு, வரி என்று வாழ்ந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இந்த அட்டையை எடுத்து வைத்திருக்கின்றன என்பது மட்டுமே.

நேர்முகம்தான் இச்சேவையின் மிகப் பலவீனமான பகுதி. பெருந்தொற்றுக் காலத்தில் மூடப்பட்ட பதிவு நிலையங்கள் 2022 ஏப்ரலில் அமெரிக்கப் பக்கத்தில் திறக்கப்பட்டன. கனடியப் பக்கத்தில் திறக்கப்படவில்லை. கனடிய மண்ணில் பணியாற்றும் அமெரிக்க அதிகாரிகளுக்கு எத்தகைய சட்டப் பாதுகாப்பு வேண்டும், அவர்கள் துப்பாக்கி வைத்திருக்கலாமா என்ற வாக்குவாதம் அதற்குக் காரணம். தேங்கிய விண்ணப்பங்கள் மூன்று இலட்சத்தைத் தாண்டின. இறுதியில் கண்ட தீர்வு, நேர்முகத்தை இரண்டாகப் பிளந்தது: கனடிய அதிகாரியிடம் ஒன்று, அமெரிக்க அதிகாரியிடம் ஒன்று. தரைவழியில் செல்பவர், முதலில் கனடியப் பக்க அலுவலகத்தில் பேசிவிட்டுப் பாலத்தைக் கடந்து மறுபக்கம் பேச வேண்டும். பியர்சன் போன்ற விமான நிலையங்களில், கனடிய நேர்முகத்தை முன்பதிவு செய்து முடித்துவிட்டு, அமெரிக்காவுக்குப் பறக்கும் ஒரு நாளில், அமெரிக்க அதிகாரிகள் கனடாவிலேயே பயணிகளைச் சோதிக்கும் முன்னனுமதிப் பகுதியில் மற்றதை முடிக்கலாம். அமெரிக்கப் பயணம் ஏற்கெனவே திட்டமிட்டிருப்பவர்களுக்கு இரண்டாவது வழியே எளிது.

நான் தரைவழியைத்தான் தெரிந்தெடுத்தேன். ஃபோர்ட் ஈரியில் சில கேள்விகள், பின்னர் அமைதிப் பாலத்தைக் கடந்து பஃபலோ பக்கத்தில் சில கேள்விகள். ஏன் இந்த அட்டை வேண்டும், எங்கே வேலை, எப்போதாவது கைதானதுண்டா என்பவற்றுக்கு மேல் எதுவும் கேட்கப்படவில்லை. பத்து விரல்களையும் கண்ணாடித் தட்டில் வைத்து எடுத்த பிறகு, எல்லைக்கு உணவுப் பொருள் கொண்டுவருவதைப் பற்றி அதிகாரி நிதானமாக ஒரு சிறு பாடம் நடத்தினார். அந்தப் பாடம் எவ்வளவு முக்கியமானது என்பதற்குப் பின்னர் வருகிறேன்.

அட்டை தபாலில் வந்ததும் இணையத்தில் அதைச் செயற்படுத்த வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரம் அளவுள்ள அந்த அட்டைக்கு ஓர் உறையும் சேர்த்து அனுப்புகிறார்கள். அட்டைக்குள் இருக்கும், வானலை வழியே படிக்கக்கூடிய மின்னணுச் சில்லைத் தேவையில்லாத வேளைகளில் யாரும் படிக்காமல் தடுப்பதற்கு அது. சில்லில் இருப்பது ஓர் எண் மட்டும்தான். பெயரும் படமும் அரசின் கணினியில் இருக்கின்றன. கடவையை அணுகும்போது அட்டையை உறையிலிருந்து வெளியே எடுத்து, சாரதியின் பக்கத்து யன்னலுக்கு வெளியே படிப்பானை நோக்கித் தூக்கிக் காட்ட வேண்டும். வாகனம் அதிகாரியின் கூண்டை அடைவதற்குள் நம் படம் அவருடைய திரையில் வந்துவிடுகிறது. எங்கே போகிறீர்கள், ஏதாவது கொண்டுவருகிறீர்களா என்ற இரண்டு கேள்விகள். பக்கத்துத் தடங்களில் விடுமுறை நாளின் வரிசை நகராமல் நிற்கும்போது இந்தத் தடத்தில் ஊர்ந்து போகின்றவருக்கு ஒரு குற்ற உணர்வு ஏற்பட்டால் அது நியாயமானதே. நயாகராவில் வேர்ல்பூல் ரப்பிட்ஸ் பாலம் என்ற பழைய இரும்புப் பாலத்தை நெக்சஸ் உறுப்பினர்களுக்கு மட்டுமே என்று ஒதுக்கியிருக்கிறார்கள்.

விமான நிலையத்தில் இச்சேவை இன்னும் கூடுதலாகத் தருகிறது. கனடிய விமான நிலையங்களின் பாதுகாப்புச் சோதனையில் தனி வரிசை. சிலவற்றில் மடிக்கணினியை வெளியே எடுக்காமலும் சப்பாத்தைக் கழற்றாமலும் போகும் தடம். அமெரிக்காவுக்குள் அவர்களுடைய விரைவுத் தடங்களும் இதே அட்டையில் அடக்கம். அவற்றுக்கான குளோபல் என்ட்ரி திட்டத்தில் தனியாகச் சேர்ந்தாலும் அதே 120 டொலர் ஆகும். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையாவது அமெரிக்க விமான நிலையம் ஒன்றைத் தொடுபவர்களுக்கு விலையைப் பற்றி முறையிட இடமில்லை. பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்கும் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமும் இல்லை.

அந்தச் சோதனை வரிசை இருப்பதற்கான காரணமும் அதே செப்டெம்பர்தான். விமானப் பயணிகளைச் சோதிக்கும் பொறுப்பைக் கனடா அதுவரை விமான நிறுவனங்களிடம் விட்டிருந்தது; 2002 ஏப்ரல் 1 ஆம் திகதி அதற்கெனத் தனி அரச நிறுவனத்தை அமைத்து, அதே நாளில் ஒரு வழிப் பயணத்துக்கு 12 டொலர் என்று பாதுகாப்புக் கட்டணமும் விதித்தது. 2003 டிசம்பரில் எல்லைச் சேவைகள் முகமை உருவாயிற்று. வரி வாங்கும் அலுவலர்களாக அறியப்பட்டிருந்த கனடிய எல்லை அதிகாரிகள் 2007 முதல் துப்பாக்கி ஏந்தத் தொடங்கினர். இவற்றையெல்லாம் கனடா தன் மண்ணில் நடந்த கொடுமைக்குப் பிறகு செய்யவில்லை என்பதை இங்கே குறித்தாக வேண்டும். 1985 ஜூன் 23 ஆம் திகதி ஏர் இந்தியா 182 விமானம் வெடித்துச் சிதறியபோது இறந்த 329 பேரில் பெரும்பாலானோர் கனடியர்கள். குண்டு ஏற்றப்பட்டதும் கனடாவில். அதைப் பற்றிய முழுமையான பொது விசாரணை தொடங்கவே 2006 ஆயிற்று, அறிக்கை வெளிவர 2010 ஆயிற்று. சொந்த வீட்டில் நிகழ்ந்த சாவுகள் அசைக்காததை அயல்வீட்டில் நிகழ்ந்த சாவுகள் சில மாதங்களில் அசைத்துவிட்டன. இறந்தவர்களில் பெரும்பாலோர் தென்னாசிய வழியினர் என்பதற்கும் அந்தத் தாமதத்துக்கும் தொடர்பில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

இனி, அட்டையைப் பறிகொடுக்கும் வழிகள். இச்சேவையில் எச்சரிக்கை என்ற இடைப்படி அநேகமாக இல்லை; சிறு தவறுக்கும் உறுப்புரிமை போகலாம். வாகனத்தில் இருக்கும் ஒவ்வொருவரிடமும், கைக்குழந்தையிடமும்கூட, அட்டை இருக்க வேண்டும். அட்டையில்லாத மாமாவைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு அந்தத் தடத்தில் நுழைவது விதிமீறல். நியூ ஜேர்சியில் இருக்கும் அக்காவுக்கென்று கறிவேப்பிலையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போவோர் நம்மில் பலர். தோடை, எலுமிச்சை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்புகின்ற பூச்சி அந்த இலையில் வாழும் என்பதால் பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்கா அனுமதிப்பதில்லை; அதை அறிவிக்காமல் கொண்டுபோனால் இலை குப்பைக்கும் அட்டை இரத்துப் பட்டியலுக்கும் போகலாம். கனடாவில் 2018 ஒக்டோபர் முதல் கஞ்சா சட்டபூர்வமானது என்றாலும் எல்லையில் அது குற்றமே. சந்தேகமான எதையும் வாய்திறந்து சொல்லிவிடுவதே பாதுகாப்பு. சொன்ன பொருளைப் பறிப்பார்கள், சொல்லாத பொருளுக்காக அட்டையைப் பறிப்பார்கள்.

இந்தத் தடத்துக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றியும் பேசாமல் ஒரு நேர்மையான மதிப்புரை முடியாது. பொதுநலவாய நாடுகளின் குடிமக்களாக இருந்துகொண்டு கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்கள், அதாவது இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்த நம்மவர்கள், ஒரு காலத்தில் விசா இல்லாமலே அமெரிக்காவுக்குப் போய்வந்தனர். 2003 தொடக்கத்தில் அமெரிக்கா அந்தச் சலுகையை நீக்கியது. பஃபலோவில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குச் சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பிய குடும்பங்கள் துணைத்தூதரக வரிசைக்குத் தள்ளப்பட்டன. நெக்சஸ் அட்டை அந்த விசாவுக்கு மாற்றாகாது. நிரந்தர வதிவிட உரிமையாளர் அட்டையோடு விசாவையும் கடவுச்சீட்டையும் வதிவிட அட்டையையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும்.

அதே 30 அம்சத் திட்டத்தின் வழியே வந்ததுதான், 2004 டிசம்பர் 29 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த பாதுகாப்பான மூன்றாம் நாட்டு ஒப்பந்தம். அமெரிக்கா வழியாக வந்து கனடிய எல்லையில் அகதித் தஞ்சம் கோரும் கதவை அது பெரும்பாலும் மூடியது. 2023 மார்ச்சில் அது எல்லை முழுவதுக்கும் விரிக்கப்பட்டது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அந்தப் பாலங்களின் மீது நடந்து வந்த எத்தனை தமிழர்கள் இன்று நெக்சஸ் அட்டையுடன் அதே பாலத்தைக் காரில் கடக்கிறார்கள் என்பதை எந்த அலுவலகமும் எண்ணியதில்லை. தகவல் பகிர்வின் இருண்ட பக்கத்தை மாஹர் அராரின் கதை காட்டியது: 2002 செப்டெம்பரில் நியூயோர்க் விமான நிலையத்தில் தடுக்கப்பட்டுச் சிரியாவுக்கு அனுப்பப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளான அந்தக் கனடியர் குற்றமற்றவர் என்று 2006இல் விசாரணை ஆணைக்குழு அறிவித்தது; 2007இல் அரசு மன்னிப்புக் கேட்டு 1 கோடியே 5 இலட்சம் டொலர் இழப்பீடு வழங்கியது. நெக்சஸுக்குப் பத்து விரல்களையும் கொடுக்கும்போது, இரு நாடுகளின் கோப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஓர் ஏற்பாட்டுக்குச் சம்மதம் தருகிறோம் என்பதை அறிந்தே கொடுக்க வேண்டும்.

அப்படியானால் யார் எடுக்கலாம்? அமெரிக்காவில் நெருங்கிய உறவினர் இருப்பவர்கள், வேலைக்காக மாதம்தோறும் எல்லையைக் கடப்பவர்கள், சிறு பிள்ளைகளுடன் பியர்சனில் நீண்ட வரிசையில் நிற்க விரும்பாதவர்கள் தயங்க வேண்டியதில்லை. கனடியக் குடிமக்களுக்குத் தரைவழியில் இது கடவுச்சீட்டுக்குப் பதிலாகவும் பயன்படும். 2009 ஜூன் 1 முதல் அங்கு கடவுச்சீட்டோ அதற்கு நிகரான ஆவணமோ கட்டாயமான பிறகு இதுவே இந்த அட்டையின் அதிகம் பேசப்படாத பயன். இரண்டாண்டுக்கு ஒரு முறை மட்டும் நயாகராவைத் தாண்டுபவர்களுக்கு, அல்லது 2025இல் இரு நாடுகளுக்கும் இடையே எழுந்த சுங்க வரிப் பூசலுக்குப் பிறகு அமெரிக்கப் பக்கம் போவதில்லை என்று முடிவெடுத்த கனடியர்களில் தாமும் ஒருவர் என்பவர்களுக்கு, 120 டொலர் வீண்செலவு. பழைய குற்றப்பதிவு, அது மது அருந்தி வாகனம் ஓட்டிய வழக்கே ஆனாலும், இருப்பவர்கள் முதலில் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டு விண்ணப்பிப்பது நல்லது. நிராகரிக்கப்பட்டாலும் கட்டணம் திரும்பாது. ஏற்கெனவே அட்டை வைத்திருப்பவர்கள் அது காலாவதியாகும் பிறந்தநாளுக்கு ஓராண்டு முன்னரே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். நேர்முகத் திகதி எப்போது கிடைக்கும் என்பது இன்றும் நிச்சயமில்லாத நிலையில், அந்த ஓராண்டின் முதல் வாரத்திலேயே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.